ஏலத்துக்கு வந்த பிரேம்

பொருளாளர் அண்ணாச்சி அந்த சைக்கிள் பிரேமின் சீட்டுக் குழாயைப் பிடித்து, சேவலைக் காலைப் பிடித்துத் தூக்குவதுபோலத் தூக்கிக் காட்டினார். அதற்கு முன்னால் நிஜமாகவே ஒரு சேவலைத்தான் தூக்கியிருந்தார். அது ஏலம் போய், எடுத்தவர் வீட்டு அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தது. பிரேமுக்குச் சக்கரம் இல்லை, ஹேண்டில் இல்லை, சீட் இல்லை. பாசிப்பச்சை நிறத்தில் வெறும் குழாய்கள். “வண்டி எங்க அண்ணாச்சி? எலும்புதான் நிக்கி,” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொல்ல, கோயிலே சிரித்தது. அண்ணாச்சி மைக்கை வாயருகே கொண்டுபோய், “எலும்புன்னாலும் காணிக்கை காணிக்கைதான்வே. நம்ம கணக்கு டீச்சர் குடுத்தது. கேளுங்க, கேளுங்க,” என்றார். கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். அவர் அதைக் காணிக்கையாகக் கொடுக்கவில்லை. தனக்கென்று, தனக்கு மட்டுமென்று, ஒன்றரை வருடம் அலசித் தேர்ந்தெடுத்து வரவழைத்த பிரேம் அது. அதைக் கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்தவள் நான். மூன்று வருடம் ஆகிறது. இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, குருவிகுளம் போகிற பாதையில் இருக்கிறது. ஒரே காம்பவுண்டுக்குள் வேதக் கோயில் என்கிற சர்ச்சும் பள்ளிக்கூடமும். நான் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தமிழ் டீச்சராகச் சேர்ந்தேன். கணக்கு டீச்சர் எனக்கு முன்பே இருபது வருடமாக அங்கே இருந்தார். சங்கரன்கோவில் டவுனில் வாடகை வீடு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஐந்தடிக்கும் ஓர் அங்குலம் குறைவான உயரம். அவர் இல்லாமல் எங்கள் சபையில் ஒரு துரும்பும் நகராது. கீபோர்டு வாசிப்பது அவர். ஞாயிறு பள்ளி அவர். கோடை லீவில் பிள்ளைகளுக்கு நடத்தும் வேதபாட வகுப்பு அவர். கிறிஸ்மஸ் நாடகத்துக்கு ஒட்டுத்தாடி செய்வதும் அவர், யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால் பாட்டுத்தாள் அச்சடிக்க அலைவதும் அவர். எந்த வேலை வந்தாலும், “டீச்சர் இருக்காங்கள்லா” என்று சொல்லிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். புருஷன் இல்லை, பிள்ளைகுட்டி இல்லை, பிறகு அவருக்கு என்ன வேலை என்கிற நினைப்பு அதற்குள் இருந்தது. நன்றி சொல்லிச் சொல்லியே ஒரு பெண்ணை மாடாக உழைக்க வைக்கலாம் என்பதை நான் எங்கள் சபையில்தான் பார்த்தேன்.

அப்படிப்பட்டவருக்குச் சொந்தமாக இருந்த ஒரே ஆசை சைக்கிள். தம்பி ஓட்டிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போட்ட ஒரு கியர் சைக்கிளில் தினமும் டவுனிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வருவார். சுடிதாரில் வந்து, ஆய்வகத்துக்குள் போய்ச் சேலை கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போவார். சனிக்கிழமை குருவிகுளத்தைத் தாண்டி இளையரசனேந்தல் பக்கம் கரிசல் காட்டு வண்டித்தடங்களில் போவார். லீவு நாள் என்றால் மேற்கே, புளியங்குடிக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்துச் சரல்கல் பாதை. யாரையும் பார்க்கப் போவதில்லை, எதையும் வாங்கப் போவதில்லை. போவார், திரும்பி வருவார். அதுதான் எங்கள் ஊருக்குப் பிடிபடாத விஷயம். அந்த சைக்கிளில் சக்கரம், பிரேக், கியர் என்று ஒவ்வொன்றாக நல்லதாக மாற்றிக்கொண்டே வந்தார், கடைசியில் மாற்றாமல் மிச்சமிருந்தது பிரேம் ஒன்றுதான். அது ஒரு நாள் பெடல் அச்சுக்கு மேலே, பற்றவைப்பு ஓரத்தில் கீறல் விட்டது. அவர் அழவில்லை. கீறலை அடிஸ்கேலால் அளந்து, பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டார். அடுத்த வாரம் கீறல் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. “இதுல இனி ஏறக்கூடாதுட்டி. புதுசா பிரேம் மட்டும் வாங்கணும்,” என்றார்.

பிரேம் என்றால் என்ன, கடைக்குப் போய் ஒன்றை எடுத்துக்கொண்டு வரவேண்டியதுதானே என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. சாப்பாட்டு மணிக்கு என் தயிர்ச்சோற்றுக்கு எதிரே உட்கார்ந்து அவர் எனக்கு அதைப் பாடமாகவே நடத்தினார். பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் இரண்டு முக்கோணம் போடுவார், முன்னால் ஒரு சாய்கோடு இழுப்பார். பின்சக்கரத்துக்கும் அதிர்வைத் தாங்கும் ஷாக் வைத்த பிரேம்கள் இருக்கின்றனவாம். அது மலையிலேயே குடியிருப்பவர்களுக்குச் சரி. தார் ரோட்டில் மிதித்தால் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அந்த ஷாக்கே தின்றுவிடும், ரிப்பேர் என்றால் சங்கரன்கோவிலில் யாரும் கை வைக்க மாட்டார்கள். முன்னும் பின்னும் ஷாக்கே இல்லாவிட்டால் சரல் பாதையில் மணிக்கட்டு செத்துவிடும். ஆகவே முன்னால் மட்டும் ஷாக், பின்னால் கட்டையாக அசையாத முக்கோணம். ஹார்ட்டெயில் என்று பெயர். “ரோட்டுக்கு ஒண்ணு, காட்டுக்கு ஒண்ணு, மலைக்கு ஒண்ணுன்னு மூணு வண்டி நிறுத்த நமக்கு எடம் ஏது? எல்லாத்துக்கும் ஒண்ணு போதும். ஆனா அந்த ஒண்ணு சரியா இருக்கணும்,” என்பார். எல்லாத்துக்கும் ஒண்ணு என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவரைத்தான் நினைக்கத் தோன்றும். எங்கள் சபை அவரை அப்படித்தானே வைத்திருந்தது.

முன்குழாயின் சாய்வுக்கு மட்டும் ஒரு மாதம் போனது. அது படுத்த மாதிரி சாய்ந்திருந்தால் இறக்கத்தில் பயமில்லை, ஆனால் ஏற்றத்திலும் ரோட்டிலும் முன்சக்கரம் அலைபாயும். நிமிர்ந்து நின்றால் ரோட்டில் சொன்ன பேச்சுக் கேட்கும், இறக்கத்தில் ஆளைத் தலைகுப்புறத் தள்ளும். இரண்டுக்கும் நடுவில், அறுபத்தேழு டிகிரி போதும் என்று முடிவு செய்தார். ஷாக்கின் அமுக்கம் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். அலுமினியமா இரும்பா என்பது அடுத்த வழக்கு. இரும்பு கொஞ்சம் கனம். ஆனாலும் இரும்புக்கே தீர்ப்புச் சொன்னார். ஒருமுறை கீறல் பட்டதால், உடையப்போவதை முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கிற உலோகம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. விடைத்தாள் கட்டு ஏற்றக் கேரியர் வேண்டும், அதை மாட்டப் பிரேமில் திருகு ஓட்டைகள் வேண்டும். ஒஸ்தியான பிரேம்களில் அந்த நாலு ஓட்டையை விட்டுவிடுகிறார்கள் என்று அவருக்குக் கடுங்கோபம். “இவனுவ ஒருத்தனும் வேலைக்குப் போமாட்டானுவ போல,” என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலே கரிசல். மழை பெய்த கரிசலில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத்தான் அது தெரியும். மண் டயரில் அப்பும், அதன்மேல் இன்னும் அப்பும், பின்சக்கரம் இரண்டு குழாய்களுக்கு நடுவே இறுகி நின்றுவிடும். தள்ளவும் முடியாது, தூக்கவும் முடியாது. எந்தப் பிரேமின் விவரத்தாளைப் பார்த்தாலும் அவர் முதலில் தேடியது டயருக்கும் குழாய்க்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். ஒரு நாள் பழைய சைக்கிளிலிருந்து சுரண்டியெடுத்த காய்ந்த கரிசல் கட்டியை என் சாப்பாட்டு டப்பா மூடிமேல் வைத்து, “இத்தன தண்டிக்கு எடம் வேணும். ரெண்டு பக்கமும்,” என்றார். நான் அந்த மூடியைக் கழுவிய கதையை விட்டுவிடுகிறேன்.

இத்தனை தெளிவாக ஓர் ஆள் தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னால், கேட்பவர்கள் கொஞ்சமாவது காது கொடுக்க வேண்டாமா? டவுனில் சைக்கிள் கடைக்காரர் அவர் சொன்னதைப் பாதியில் நிறுத்தி, “டீச்சர், லேடீஸ் மாடல் புதுசா வந்திருக்கு, முன்னால கூடை வச்சுத் தாரேன்,” என்றார். “கூடைல என்ன, மல்லியப்பூவா விக்கப் போறேன்?” என்று கேட்டுவிட்டு டீச்சர் வெளியே வந்தார். நானும் கூட இருந்தேன். இணையத்தில் சைக்கிள்காரர்களின் குழு ஒன்றில் தன் உயரம், கால் நீளம், கை நீளம், ஓட்டப்போகும் பாதை எல்லாவற்றையும் கணக்காசிரியருக்கே உரிய வரிசையில் எழுதிக் கேட்டார். முதலில் வந்த பதில், “உங்கள் பையனுக்கா மேடம்?” என்பது. மற்றொருவர், பெண்கள் மெதுவாக ஓட்டிப் பழகச் சாதாரண சைக்கிளே போதும் என்று அறிவுரை வழங்கியிருந்தார். டீச்சர் உயரத்துக்குச் செய்த பிரேம் கிடைப்பதே அரிது. பெரிய ஆளுக்குச் செய்ததைக் கொஞ்சம் குறுக்கி, சின்ன சைஸ் என்று ஒட்டிவிடுகிறார்கள். ஏறி உட்கார்ந்தால் கை எட்டாது, இறங்கி நின்றால் பார் இடிக்கும். சீட்டுக் குழாய் குட்டையாக, மேல் பார் நன்றாகத் தாழ்ந்து, கை எட்டும் தூரத்தில் ஹேண்டில் வரும்படியான ஒன்றைத் தேடி ஒரு வருடத்துக்கு மேல் போனது.

கோயிலில் கேட்கவே வேண்டாம். பொருளாளர் அண்ணாச்சிக்கு டவுனில் நூல்கடை. விசைத்தறிக்காரர்கள் பாதிப்பேர் அவரிடம்தான் நூல் எடுப்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உள்ளூர் நிர்வாகியும் அவரே. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது டீச்சரைப் பிடித்து, “என்னத்துக்கு டீச்சர் இந்த வயசுல காடு மேடெல்லாம்? பேசாம ஒரு ஸ்கூட்டி வாங்குங்க. கமிட்டி வேலைக்கும் ஆகும்லா,” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவர் எதையும் அன்பாகவே சொல்வார், அதுதான் கொடுமை. டீச்சர் சிரித்துக்கொண்டே, “இது கமிட்டி வேலைக்கு ஆகாது அண்ணாச்சி. ஆகாதுன்னுதான் வாங்குதேன்,” என்றார். அண்ணாச்சிக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் வெளியூரில் ஒருவர் அந்த அளவுக்கு ஒரு பிரேம் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். டீச்சர் நாலு மாதம் காத்திருந்தார். அது வந்து சேர்ந்த சனிக்கிழமை, டீச்சர் திருநெல்வேலியில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தார். பள்ளிக்கூட முகவரி கொடுத்து, தான் இல்லாவிட்டால் அழைக்கச் சொல்லி என் நம்பரைக் கொடுத்திருந்தார். மறுநாள் அறுப்பின் பண்டிகை, காணிக்கையாக வந்த பொருள்களைச் சபைக்காக ஏலம் விடுகிற நாள். எங்கள் சபையில் அது ஐப்பசியில் வரும். எங்கள் காட்டில் அப்போது விதைத்துத்தான் இருக்குமே தவிர அறுப்பு ஒன்றும் இருக்காது. யாரோ எந்தக் காலத்திலோ வைத்த நாள், அப்படியே நடக்கிறது. நான் கோயிலில் கரும்பும் தென்னங்குருத்தும் கட்டிக்கொண்டிருந்தேன். கூரியர்காரர் கொண்டுவந்த அட்டைப்பெட்டி ஒரு மூலையில் கிழிந்திருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது, வராந்தாவில் சாரல் அடிக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, கோயிலுக்குப் பக்கவாட்டில் ஐயர் அங்கி மாட்டிக்கொள்ளும் அறை இருக்கிறதே, அங்கே கொண்டுபோய்ச் சுவரோரம் சாய்த்தேன். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். டீச்சருக்கு போன் செய்து, “வந்துட்டு டீச்சர், பத்திரமா கோயில்ல வச்சிருக்கேன்,” என்றேன். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. “தொறக்காதட்டி, நான் வந்து தொறக்கேன்,” என்றார்.

அந்த அறைக்குள் அன்றைக்கு வந்த பூசணி, வாழைத்தார், கருப்பட்டி, முட்டை எல்லாமே காணிக்கை என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஊரில் ஐந்து வருடம் இருந்தும் ஏறவில்லை. விடிகாலையில் கோயில்குட்டியார், மணி அடிப்பது முதல் பாய் விரிப்பது வரை எல்லாம் பார்க்கிறவர், பொருள்களை ஆல்டர் என்கிற பீடத்துக்கு முன்னால் அழகாக அடுக்கும்போது கிழிந்த அட்டையைப் பிரித்துப் போட்டிருக்கிறார். பெட்டிமேல் டீச்சர் பெயர் இருந்தது. ஒவ்வொரு பொருளிலும் கொடுத்தவர் பெயர்ச் சீட்டைக் கட்டுவது வழக்கம். இதிலும் கட்டிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இருந்த இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆராதனைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் நான் பார்த்தேன், வாழைத்தாருக்கும் பூசணிக்கும் நடுவில் பாசிப்பச்சைக் குழாய்கள். டீச்சர் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து நேராகக் கீபோர்டுக்குப் போனவர். முதல் பாட்டின் நடுவில் அவர் விரல்கள் நின்றன. பாடகர்கள் ஒரு வரியைக் கீபோர்டு இல்லாமலே பாடினார்கள்.

ஏலம் ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆராதனை முடிந்த கையோடு ஐயர் அடுத்த ஊர்ப் பண்டிகைக்குக் கிளம்பிவிட்டார், அண்ணாச்சி மைக்கைப் பிடித்துவிட்டார். டீச்சர் எழுந்து அவர் அருகில் போய், மைக் வாங்காத குரலில், “அண்ணாச்சி, அது காணிக்கைக்கு வந்தது இல்ல. தப்பா வந்துட்டு,” என்றார். அண்ணாச்சி அதை மைக்கில் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார். “ஆல்டருக்கு முன்னால வச்சதத் திருப்பிக் கேக்கலாமா டீச்சர்? நீங்களே பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுப்பீங்களே!” என்றவர், கூட்டத்துக்குள் தேடி என்னைக் கண்டுபிடித்தார். நான் பெட்டியை உள்ளே கொண்டுபோனதை என்னோடு கரும்பு கட்டியவர்கள் யாரோ சொல்லியிருக்க வேண்டும். “தமிழ் டீச்சர்தான கொண்டாந்து வச்சாங்க? என்னம்மா, நீங்கதான வச்சீங்க?” என்றார்.

என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. பணி ஒப்புதலுக்கான கோப்பு அண்ணாச்சியின் கையெழுத்துக்காக இரண்டு மாதமாக அவர் மேசையில் கிடந்தது. எழுந்து நின்று, நான்தான் வைத்தேன், மழைக்குப் பயந்து வைத்தேன், காணிக்கை இல்லை என்று மூன்று வாக்கியம் சொன்னால் போதும். கூரியரில் வந்ததைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய சாட்சி நான் ஒருத்திதான். நான் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினேன். ஆமாம், நான்தான் வைத்தேன் என்று மட்டும். “பாத்தீங்களா!” என்றார் அண்ணாச்சி.

எங்கள் ஏலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கொடுத்தவரே தன் பொருளைத் திரும்ப ஏலம் கேட்டால் விடக்கூடாது, ஏற்றிவிட வேண்டும். சபைக்கு லாபம், கூட்டத்துக்குச் சிரிப்பு. டீச்சர் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றபடி ஒரு தொகை கேட்டார். அண்ணாச்சி அதற்குமேல் தானே கேட்டார். கைதட்டினார்கள். டீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு இன்னும் ஏற்றிக் கேட்டார். அண்ணாச்சி மறுபடி ஏற்றினார். “விடாதீங்க டீச்சர்!” என்று பெண்கள் பக்கத்திலிருந்து உற்சாகப்படுத்தினார்கள். தன் பொருளுக்கே ஒரு பெண் போட்டி போட வேண்டியிருப்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு குஷி. டீச்சர் மறுபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். மூன்று தரம் சொல்லி அண்ணாச்சி தனக்கே முடித்துக்கொண்டார். அவருக்கு அது எதற்கு? அதை வைத்து என்ன செய்வதென்றே அவருக்குத் தெரியாது. நூல்கடைக் குடோனில், நூல் மூட்டைகளுக்கு மேலே ஆணியில் மாட்டிவைத்தார். வெளியே வந்தபோது நான், “கூட்டத்துல எப்படி டீச்சர்…” என்று இழுத்தேன். “விடுட்டி,” என்றார். அடுத்த வாரம் என் கோப்பில் கையெழுத்து விழுந்தது.

அதோடு முடிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருந்திருக்காது. கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு பாடகர் குழுவைக் கௌரவிக்கிறோம் என்று அறிவித்து, டீச்சரை முன்னால் அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜிகினாத்தாள் சுற்றிய ஒரு பொருளை அண்ணாச்சி கொண்டுவந்தார். பிரித்தார். அதே பிரேம். கீழ்க்குழாயின் நீளத்துக்கு மஞ்சள் பெயின்டில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி, பக்கத்தில் அண்ணாச்சியின் அப்பா பெயர், குடும்பத்தார், சங்கரன்கோவில். எங்கள் கோயிலில் பெஞ்சில், மின்விசிறி இறக்கையில், காணிக்கைப் பையின் கைப்பிடியில்கூட அப்படி எழுதியிருக்கும், அதில் யாருக்கும் வெட்கமில்லை. ஆனால் ஒரு பெண்ணின் பொருளை அவளிடமிருந்தே பிடுங்கி, அதில் தன் குடும்பத்துப் பெயரை எழுதி, அவளுக்கே தானம் செய்வதை என்னவென்று சொல்வது? “டீச்சர் அன்னைக்கு ஆசைப்பட்டுக் கேட்டாங்க. அவங்க சேவையப் பாராட்டி சபை குடுக்கு. இனி இதுலயே கிராமத்து வீட்டுச் சந்திப்புக்கெல்லாம் போய்ட்டு வந்துரலாம்,” என்றார் மைக்கில். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

டீச்சர் பொன்னாடையை எடுத்து நாலாக மடித்துக் கீபோர்டுமேல் வைத்தார். “நன்றி அண்ணாச்சி,” என்றார். பிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆராதனை முடியுமுன், நடுப்பாதை வழியாக நடந்து வெளியே போய் பஸ் ஸ்டாப்பில் நின்றார். அதன்பிறகு அவர் கோயிலில் கீபோர்டு வாசிக்கவில்லை. ஞாயிறு பள்ளி எடுக்கவில்லை. தலைக்கனம் என்றார்கள். அவ்வளவு செய்தும் நன்றியில்லை என்றார்கள். இருபத்தைந்து வருடம் யார் யாருக்குச் செய்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை ஒருவருக்கும். இப்போது பாட்டெல்லாம் செல்போனை ஸ்பீக்கரில் செருகி ஓடவிடுகிறார்கள். பாடுகிறவர்கள் ஒரு பக்கம், இசை ஒரு பக்கம் போகிறது. அதையும் டீச்சர் குற்றமாகத்தான் பேசுகிறார்கள்.

அந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெயின்ட் கடையில் தின்னர் ஒரு பாட்டிலும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டு டவுனில் அவர் வீட்டுக்குப் போனேன். பழைய சைக்கிளின் சக்கரங்கள், பிரேக், கியர் எல்லாவற்றையும் அந்தப் பிரேமில் அவரே பூட்டி முடித்திருந்தார். முன் ஷாக் மட்டும் புதிது. சும்மா சொல்லக்கூடாது, அவர் உயரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. டயருக்கு இரண்டு பக்கமும் அந்தக் கரிசல் கட்டியளவு இடம். கேரியர்கூட மாட்டியாகிவிட்டது. மஞ்சள் எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து துணியை நனைத்துக்கொண்டே அண்ணாச்சியைத் திட்ட ஆரம்பித்தேன். கமிட்டியைத் திட்டினேன், கைதட்டினவர்களைத் திட்டினேன், அடுத்த ஊருக்கு ஓடிப்போன ஐயரைத் திட்டினேன். அவர் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், “நீங்க ஏன் டீச்சர் அந்த மனுசன்கிட்ட மல்லுக்கட்டி ஏலம் கேட்டீங்க? ரெண்டு தரம் ஏத்துனீங்களே, அது அவருக்கு வேடிக்கையால்லா போச்சு,” என்றேன்.

அவர் பம்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

“நான் அவருகிட்ட மல்லுக்கட்டலட்டி. ஏலத்துல எடுக்கணும்னும் எனக்கு இல்ல. நீ எந்திரிச்சுச் சொல்லுவன்னு நெனச்சேன். ஒனக்குக் கொஞ்சம் நேரம் வேணும்லா, அதுக்குத்தான் ஏத்துனேன். ரெண்டாந்தரமும் நீ எந்திரிக்கல, சரின்னு உக்காந்துட்டேன்.”

என் கையிலிருந்த துணியை வாங்கி, தின்னர் பாட்டிலைத் திருகி மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தார். “அது கெடக்கட்டும். நீ அதுல கைய வைக்காத,” என்றார். பிறகு மறுபடி காற்றடித்தார்.

அவர் இன்றைக்கும் அந்த எழுத்தோடுதான் ஓட்டுகிறார். வெயிலிலும் சரலிலும் அது பாதி உரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னிடம் முன்போலவே பேசுகிறார், சாப்பாட்டு மணிக்கு எதிரேதான் உட்காருகிறார். அண்ணாச்சியை இத்தனை பக்கம் திட்டி எழுதிவிட்டேன், திட்டியதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் டீச்சர் எனக்காக நின்று காத்திருந்த அந்த இரண்டு தரமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். நான் மடியில் பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்து, பாடி முடித்துவிட்ட பாட்டைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.